மூணாம் நம்பர்

போடிமெட்டு ஏறி, சாவடி தாண்டி,
பூப்பாறைக்கு முந்தின வளைவில் இறங்கினேன்.
காலை ஏழு. ஏலக்காய் ஸ்டோர்ப் புகையும் பனியும்
எது எதென்று தெரியாமல் கிடந்தன.
நீலத் தார்ப்பாய்க்குக் கீழே நாலு ஏடிவி,
மட்கார்டெல்லாம் நேற்றைய சேறு வெடித்து.

எஞ்சின் ஆறியிருந்தால்தான் டேப்பட் பார்க்க முடியும்,
ராத்திரியே போனில் சொல்லியிருந்தேன்.
வர்க்கிச்சன், என் மேலுள்ள மரியாதையில்,
நாலையும் கால்மணி நேரம் ஓடவிட்டு
நன்றாகச் சூடாக்கி வைத்திருந்தார்.

ஆறட்டும் என்றேன்.
எத்ர நேரம்?
கை வைத்தால் கை தங்கணும், அவ்வளவு நேரம்.

ஒன்பதரைக்கு மதுரையிலிருந்து வேன்.
பதினாறு பேர், முன்பணம் கட்டியவர்கள்.
தணுத்தோ, தணுத்தோ என்று வந்து வந்து
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி
ஹெட்டைத் தொட்டு
விரலை உதறிக்கொண்டு போனார்.

ஒண்ணாம் நம்பர் சனியன், ஒரே டிக்டிக், அதைப் பாரு.
மூணாம் நம்பர் தங்கம். சத்தமே கிடையாது.
காலையில் மட்டும் எழுந்திருக்க அடம்பிடிக்கும்,
குளிருதானே.

இருபது வருசத்தில் நான் பயந்த வார்த்தை அதுதான்:
சத்தமே கிடையாது.

மற்ற மூணையும் ஓட்டுங்க, இது நிக்கட்டும் என்றேன்.
முகம் சுருங்கியது. வேன் வந்தது.
மூணு வண்டியில் பதினாறு பேர் மாற்றி மாற்றி
சேற்றில் சுற்றிக் கூவினார்கள்.
நான் கட்டஞ்சாயா குடித்தேன்.
கணுக்காலில் ஓர் அட்டை என்னைக் குடித்தது.

பதினொன்றரைக்கு ஹெட்டில் கை தங்கியது.
டார்ச் பிடிக்க ஜெசிந்தாவை அனுப்பினார்,
சூரியநெல்லிப் பெண், டிக்கெட் கிழிப்பவள்.
கை ஆடவில்லை. ஏதும் கேட்கவில்லை.

டாங்க் கழற்றி, மூடி இரண்டும் திறந்து,
மேக்னெட் நட்டில் ஸ்பானர் போட்டுச் சுற்றினேன்.
கண்ணாடி வழியே கோடு வந்தது.
இரண்டு ராக்கரும் விறைப்பு. தப்பான வருகை,
இதே கோடு இரண்டு முறை வரும்,
ஒன்றுதான் நமக்கு.
இன்னொரு முழுச் சுற்று.
இன்டேக் ராக்கர் இப்போது விரலுக்கு அசைந்தது,
பாயிண்ட் ஒண்ணு தகடு
ஈரத்தாளுக்குள் போவதுபோல் நுழைந்து
லேசாகப் பிடித்துக்கொண்டது. சரி.

எக்சாஸ்ட்.
பாயிண்ட் ஒண்ணஞ்சு போகவில்லை.
ஒண்ணு போகவில்லை.
கட்டிலேயே மெல்லிசு, வெளிச்சத்தில் நடுங்குமே அது,
அதுவும் முட்டி வளைந்தது.

இடமே இல்லை.
சூடேறினால் நீளும், நீள இடமில்லாமல்
வாயை முழுதாக மூடாது,
மூடாத இடுக்கில் நெருப்பு போய்ப் போய் வந்திருக்கும்.
தங்கம் என்று எல்லோரும் ஏறிய வண்டி.

லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவைப் பின்வாங்கினேன்.
தகடு நுழைந்தது. நட்டை இறுக்கினால் மறுபடி தொலைந்தது.
இறுக்கும்போது கூடவே ஒரு மயிரளவு திரும்பும் அது,
தெரிந்தே ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறேன்.
நாலாவது தடவை நின்றது.

ஸ்டார்ட். முதல் அழுத்திலேயே.
டிக், டிக், டிக்.

வர்க்கிச்சன் ஓடிவந்தார். இப்ப இதுக்கும் சத்தமா?
இருக்கணும், என்றேன்.
அந்த அளவு சத்தம் இருக்கணும்.

எஞ்சினை அணைத்தார்.
ஜெசிந்தா டார்ச்சை அணைக்கவில்லை.
எனக்கு மூணு மாசச் சம்பளம் வரணும், என்றாள்,
அவரைப் பார்த்தில்லை,
திறந்து கிடந்த டூல்பாக்ஸைப் பார்த்து.
அதுவரை அவள் குரல் எப்படி இருக்கும் என்று
எனக்குத் தெரியாது. அவருக்கும்தான் போல.

வேன்காரர்கள் போகட்டும், பறயாம், என்றார்.
இல்லை, இப்ப, என்றாள்.

நான் தகடுகளை ஒவ்வொன்றாய்த் துடைத்து
எண்ணெய் தடவி மடித்தேன்.
வழக்கமாக அவ்வளவு நேரம் ஆகாது.
பிறகு ஒண்ணாம் நம்பரிடம் போனேன், அது ஆறவில்லை.