பதினேழில் முட்டை தீர்ந்தது

ஆட்டம் எப்படி இருந்தது என்று
ஸ்கோர் பலகைக்குப் பின்னால் உட்காருபவனிடம் கேட்கிறீர்கள்.
எனக்குக் கிடைப்பது இரண்டு செங்கல் அகலத்தில் ஒரு ஜன்னல்.
அதில் இடப்புறம் காவல் நிற்பவனின் முதுகு,
முதுகுக்கு அப்பால் புல்,
புல்லுக்கு அப்பால்
யாரோ எதையோ எறிகிறார்கள்.

மினசோட்டாவின் வடக்கே ஆறு திரும்பும் ஊர் இது.
ஜூன் மாதம்தான், ஆனாலும் பத்து மணிக்கு மேல்
மூச்சு வெளியே தெரியும்.
என்னிடம் முப்பது முட்டைகள்,
தகரத்தில் வெட்டி வெள்ளையடித்தவை.
ஒன்பது இன்னிங்ஸுக்கு அது தாராளம்.

ஒன்பது முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு.
பன்னிரண்டோடு பலகை முடிந்துவிட்டது.
அதற்கு மேல்
பக்கத்து பெயின்ட் விளம்பரத்தில் சிரிக்கிற பெண்ணின்
பல்வரிசைமேல் ஆணியடித்து மாட்டினேன்.

பதினான்கில்
எதிரணிப் பையன் எவெலியோ ஜன்னலோரம் வந்தான்.
காப்பி இருக்கா?
பிளாஸ்க் மூடியில் ஊற்றி நீட்டினேன்.
பாதி குடித்திருப்பான், பந்து மேலே ஏறியது.
மூடியைக் கீழே வைக்காமல்
உறை மாட்டிய கையால் பிடித்தான்.
பந்தை முழு மைதானமும் பார்த்தது.
மூடியைப் பார்த்தவன் நான் ஒருத்தன்.

பதினேழில் முட்டை தீர்ந்தது.
ஆர்டிஸ் தன் கடையிலிருந்து
காகிதத் தட்டுகளைக் கட்டாகக் கொடுத்தனுப்பினாள்.
ஹாட் டாக் தின்ன ஆளில்லை,
தட்டாவது ஆடட்டும் என்றாளாம்.

சலிப்பா என்றால்
சலிப்புதான், வேறென்ன.
இரண்டாயிரத்துச் சொச்சம் பேரைக் கொட்டி
இரவு குலுக்கிக்கொண்டே இருந்தது.
தோளில் பிள்ளை தூங்கிய தகப்பன்கள் முதலில் உதிர்ந்தார்கள்,
அப்புறம் காதலர்கள்,
பந்தயம் கட்டியவர்கள்,
கடைசியில், நம்பவே முடியவில்லை,
உள்ளூர்ப் பத்திரிகை நிருபர்.
சல்லடையில் நின்றது முப்பத்தொரு பேர்.
நின்றது மாவா கப்பியா
என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

முப்பத்தொருவரில் ஓர்லின் ஒருவர்.
அறுபது மாடு,
நாலு மணிக்கு மடியில் கை வைத்தாக வேண்டும்.
வீட்டுக்குப் போகலையா என்றேன், வேலியோரம்.
போரடிச்சது பதிமூணோட போயிருச்சு, என்றார்,
இப்ப வேற ஏதோ வந்து உக்காந்திருக்கு,
அதுக்கு என்ன பேர்னு தெரியாம எப்படிப் போறது?

பத்தொன்பதில் நான் வெறுத்தேன்.
இந்த விளையாட்டை, இந்த ஊரை,
ஆணியை, தட்டை,
நிலா உட்பட
வட்டமாக இருந்த அத்தனையையும்.

இருபதில் எதிரணிக்குப் பந்து வீச ஆளில்லை.
எவெலியோவைக் கூப்பிட்டார்கள்.
ஐந்து மணி நேரமாக என் ஜன்னலை அடைத்து நின்ற முதுகு
நடக்க நடக்கச் சிறுத்து
மேட்டின்மேல் ஒரு புள்ளியாக நின்றது.
இருபதில் தட்டு. இருபத்தொன்றில் தட்டு.

இருபத்திரண்டில் ஆணி கைதவறிவிட்டது.
குனிந்து புல்லைத் துழாவிக்கொண்டிருந்தேன்.
முப்பத்தொரு பேர் கைதட்டுவது
கூடைக்குள் கோழி சிறகடிப்பதுபோல் கேட்டது.
நிமிர்ந்தால்
எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்திருந்தார்கள்.
எவெலியோ
தன் வலக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பந்து கேட்சரைத் தாண்டி ஓடிவிட்டது, அவ்வளவுதான் என்றாள் ஆர்டிஸ்.
அவளும் பார்க்கவில்லை, கொதிபானையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
ஓர்லினைக் கேட்டேன்.
கண்ணை ஒரு நிமிஷம்தான் மூடினேன் என்றார்.

இரவு முழுக்கத் தோளில் இடித்துக்கொண்டிருந்த
ஒன்று என்கிற தகரத்தை எடுத்து மாட்டினேன்.
அந்தப் பெண்ணின் கடைவாய்ப் பல்லில் அது
கோணலாகத் தொங்கியது.
நேராக்கவில்லை.

விளக்குகளை வரிசை வரிசையாக அணைத்தார்கள்.
பேருந்துக்குப் போகிற வழியில்
எவெலியோ வேலிக்கு வந்தான்.
புல்லுக்குள் எங்கோ வைத்திருந்த மூடியைக் குனிந்தெடுத்து,
உள்ளே கிடந்த பூச்சியை ஊதிவிட்டு,
ஜன்னலுக்குள் நீட்டினான்.

இன்னும் இருக்கா?

இருந்தது, கொஞ்சம்,
ஆறிப்போய்.