இரண்டாவது கட்டம்

மாநிலத் தலைநகரிலிருந்து மறுபடியும் அழைப்பு.
ஐந்து மணிக்குள் எண் வேண்டுமாம்:
நேரடி எத்தனை, மறைமுகம் எத்தனை.

லூசியானாவின் தென்கோடியில்
நிலம் நைந்த துணியாகிக் கடலுக்குள் தொங்கும் இடத்தில்
சாவு விசாரணை அலுவலகத்தின் ஒரே எழுத்தர் நான்.
சுவரில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக்கோடு.
மேல்தட்டில் இருந்ததால் படிவங்கள் தப்பின.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
காற்றும் நீரும் தம் கையாலேயே கொன்றவர்களுக்கு ஒன்று.
வேறு ஏதோ ஒன்று வந்து
முடித்துவைத்தவர்களுக்கு இன்னொன்று.

உர்சின் டார்டார் விஷயத்தில் குழப்பமில்லை.
இறால் படகை விட்டு வரமாட்டேன் என்று நின்றவர்.
படகு பெட்ரோல் பங்க் கூரையடியில் கிடைத்தது,
நிமிர்ந்து, டீசல் போட வந்தது போல.
அவர் மூன்று மைல் தள்ளி, நாணற்புல்லில்.
நுரையீரலில் உப்புநீர்.
முதல் கட்டத்தில் குறி போட்டேன்.
எவ்வளவு சுலபமாகப் போட்டேன் என்பது
மதியச் சாப்பாட்டின்போதுதான் உறைத்தது.

புயல் வருமுன்பே செத்தவரும் ஒருவர் உண்டு.
ஊரை விட்டு வெளியேறும் வரிசையில், ஏசி இல்லாத வேனில்,
பதினோரு மணி நேரம்.
பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து அடித்து
இறங்கி வந்து பார்த்த பிறகே தெரிந்தது.
புயல் அப்போது வளைகுடா நடுவில்,
தொலைக்காட்சியில் ஒரு வெள்ளைச் சுழி.

மெட்டோயர் தம்பதி நான்காம் இரவில்.
வானம் கழுவிவைத்த தட்டு. ஓர் இலை அசையவில்லை.
திருடு போகுமென்று ஜெனரேட்டரைச்
சமையலறைக்குள்ளேயே ஓடவிட்டுப் படுத்திருக்கிறார்கள்.
மணமில்லாத புகை.
எரிபொருள் தீரும்வரை
மின்விசிறி அவர்கள்மேல் வீசிக்கொண்டே இருந்திருக்கிறது.
மறைமுகம்.

கூரையில் நீலத் தார்ப்பாய் விரிக்கப் போய்
ஏணியிலிருந்து விழுந்தவர்: மறைமுகம்.
(நல்ல பாய். தேவாலயத்தில் வரிசையில் நின்று வாங்கியது.
ஒரு பக்கம் மட்டும் ஆணியடித்தபடி
இன்னும் அங்கேதான் படபடக்கிறது.)

இன்று காலை கவுண்டருக்கு துயெத் வந்தாள்.
நண்டு ஓடு உடைக்கும் ஆலையில் வேலை; விரலெல்லாம் கீறல்.
அம்மா லொவானின் சான்றிதழை நீட்டினாள்.
சிறுநீரகச் செயலிழப்பு. இயற்கை மரணம்.
இரண்டு கட்டமும் காலி.

எட்டு வருடமாகச் செவ்வாய், வியாழன், சனி
தானே கார் ஓட்டிப் போய் டயாலிசிஸ் முடித்து
வரும் வழியில் மீனுக்குப் பேரம் பேசிவிட்டு வருவாள், என்றாள்.
மையத்துக்குள் தண்ணீர் புகுந்தது.
அடுத்த மையம் தொண்ணூறு மைல்; பாலம் இல்லை.
ஒன்பதாம் நாள்.
எட்டு வருடம் கொல்லாத நோய்க்கு
இந்த வாரம்தான் ஞாபகம் வந்ததா?

அழவில்லை. புயலின் பெயர் அதில் இருந்தால்தான்
அடக்கச் செலவுக்குப் பணம் வருமாம்.
அதற்காகவும்தான் கேட்கிறேன், என்றாள்.
அதற்காக மட்டுமில்லை.

டாக்டர் வாகன நிறுத்தத்தில், தன் காரிலேயே குடியிருக்கிறார்.
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது, என்றார்
கண்ணைத் திறக்காமல்.
காக்கை சரி, டாக்டர். மரத்தையே காணோமே.
வெகுநேரம் பேசவில்லை. பிறகு பேனா கேட்டார்.
பானெட்டின்மேல் வைத்துக் கையெழுத்திட்டார்.
சூட்டில் காகிதம் நெளிந்தது.

நான்கு ஐம்பத்திரண்டு. தலைநகரில் எடுத்த பெண்
முதல் எண் மட்டும் போதும் என்றாள்,
செய்திக்கு அதுதான் போகும், மற்றது அப்புறம்.
இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.
பென்சில் தேடும் சத்தம் கேட்டது,
அல்லது தேடுவதுபோல் ஒரு சத்தம்.

துயெத் இன்னும் கவுண்டரில் நின்றிருந்தாள்.
காரணம் என்ற கோட்டின்மேல் பேனாவை வைத்து
புயலின் பெயரைக் கேட்டேன்,
எனக்குத் தெரியாதது போல.
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.