ஜக்கரந்தா பூக்குமுன்

ஜெர்மன்காரர்களுக்கு வசந்தம் மே மாதத்தில்.
எங்களுக்குச் செப்டம்பரில்,
டூங்காபியில்,
ட்ரயல் பரீட்சை முடிவுகளோடு சேர்ந்து வரும்.
ஜக்கரந்தா பூத்த பிறகு புத்தகம் திறப்பவன் தப்பமாட்டான் என்று
இங்கே ஒரு பேச்சு.
தெருமுனை மரத்தைக் காலையில்
கடன்காரன் வீட்டைக் கடப்பதுபோல் கடக்கிறேன்.
இன்னும் பச்சைதான்.

நாடகத்தில் ஒரு காட்சி எங்களுக்கு.
மகளாக ட்ராங். தாயாக நான்.
பிள்ளை எப்படி வருகிறது என்று மகள் கேட்கிறாள்.
தாய் ஒரு பக்கம் முழுக்கப் பேசுகிறாள்,
சொல்லாமல் விடுவதற்காக.
"இந்தக் குரலை எங்கே பிடித்தாய்?" என்றார் மிஸ் ஹாலரன்.
இரவல் குரல், மிஸ்.
டிவியில் இரண்டு முகங்கள் நெருங்கும்போது
ரிமோட்டைத் தேடுகிற கையின் குரல்.

பன்னிரண்டு வயதில் எனக்குச் சாமத்தியவீடு.
வென்ற்வர்த்வில்லில் மண்டபம், முந்நூற்றைம்பது பேர்,
வெள்ளை லிமோசின், மூன்று சேலை,
தலைக்கு மேலே ட்ரோன்.
எனக்கு என்ன நடந்தது என்று
மெல்பேர்னிலிருந்து வந்த மாமிமாருக்குத் தெரியும்.
கேக் கொண்டுவந்த வெள்ளைக்காரப் பெடியனுக்கும் தெரியும்.
எனக்கு மட்டும்
ஒருவரும் சொல்லவில்லை.
ஆல்பத்தில் தலை குனிந்து நிற்கிறேன்.
கீழே பொன்னெழுத்தில் 'நாணம்'.
அது வயிற்றுவலி.

பையன் ஒருவன் பரீட்சையில் தோற்கும் பக்கத்தில்
மிஸ் ஓர் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறார்,
எந்த நேரமும் அழைக்கலாம் என்று ஓர் எண்.
எல்லாருடைய பிரதியிலும், கொஞ்சம் சரிவாக.
வகுப்பில் அன்றைக்கு
ஒருவரும் பகிடி விடவில்லை.

அண்ணா துவாரகனுக்குப் போன வருடம்
எழுபத்தொன்பது புள்ளி நாலு.
வீட்டில் அடியில்லை, ஏச்சில்லை.
அம்மா இடியப்பம் அவித்தா. அப்பா செய்தி பார்த்தார்.
வருகிறவர்களிடம் மட்டும்
"அவன் இன்னும் யோசிக்கிறான்" என்றார்கள்.
விடிய மூன்று மணிக்கும்
அவன் கதவின் அடியில் ஒரு கோடு வெளிச்சம்.

கட்டுரைக் கேள்வி:
இத்துயரத்துக்கு யார் பொறுப்பு? விவாதிக்க.
பெரியவர்கள், என்று எழுதினேன். அழித்தேன்.
அந்தத் தாய் கெட்டவள் இல்லை,
அவளிடம் சொல் இல்லை,
அவளுக்கும் ஒருவரும் தந்ததில்லை, என்று எழுதினேன்.
ஓரத்தில் சிவப்பு மையில் மிஸ் கேட்டிருக்கிறார்:
ஆதாரம்?

ஆதாரம் பக்கத்து அறையில்
துணி மடித்துக்கொண்டிருந்தது.

"என்னடி சத்தம்போட்டுப் பாடமாக்குறாய்?"
"நாடகம். ஒரு பிள்ளை, பிள்ளை எப்பிடிப் பிறக்கிறதெண்டு தாயைக் கேக்குது."
"தாய் என்ன சொல்லுது?"
"ஒண்டும் சொல்லேல்லை."
என் யூனிபோர்ம் சட்டையை மடித்தா.
விரித்தா.
திரும்ப மடித்தா.
"பிறகு?"
"பிள்ளை செத்துப்போகுது, அம்மா."
"அந்தக் காலம்," என்றா.
கொஞ்சம் பொறுத்து, "அப்ப மற்றப் பிள்ளைகள்?"
"ஒரு பெடியன். அவனும்தான்."

சட்டை கட்டிலிலேயே கிடந்தது.
அம்மா நடந்துபோய்
அண்ணாவின் கதவைத் தட்டினா.
தட்டாமல் திறக்கிற அம்மா.
சாப்பிட்டியா என்று கேட்பா என்று காத்திருந்தேன்.
கேட்கவில்லை.
கதவு திறந்தது, சாத்தியது,
வெளிச்சக் கோட்டில் இரண்டு நிழல்.

நான் ட்ராங்குக்குச் செய்தி அனுப்பினேன்:
நாளைக்கு நீ தாயாக இரு.
எனக்குக் கேட்க வேண்டும்.