ஆறாம் எண் அறை

கொலுசுப் பெட்டியை மடியில் வைத்தபடி
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தேன்.
பாக்கி வசூலாகவில்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

நாகலூர் சாலையில் பழைய துரை பங்களா,
இப்போது லாட்ஜ்.
வெந்நீர் வாளிக்கு நாற்பது ரூபாய்.
சுவரில் ஒரு காலண்டர்:
ஜப்பானில் ஏதோ மலையூர்.
பனி சுமந்த மரவீடுகள்,
நடுப்பாலத்தில் குடையோடு ஒருத்தி.
பன்னிரண்டு வருடமாக அங்கே ஜனவரி.

"எந்த ஊருப்பா இது?"
"ஏற்காடுதான் சார், அந்தக் காலத்துல"
கம்பளியை வீசிவிட்டுப் போனான் சவரிமுத்து.

இரவெல்லாம் தகரத்தில் மழை.
சில்வர் ஓக் கிளையொன்று கூரையைச் சுரண்டியது.
அவளுக்கும் தூக்கமில்லை போல,
பாலத்தைக் கடக்கவேயில்லை.

காற்றில் காலண்டர் தூக்கியபோதுதான் பார்த்தேன்,
பின்சுவரில் பென்சில் எழுத்து.
யாரோ ஒரு துரை
மழையை அளந்து வைத்திருக்கிறான்,
அங்குலக் கணக்கில், ஆகஸ்ட் வரைக்கும்.
செப்டம்பருக்கு நேரே ஒன்றுமில்லை.

எடை போட்டே பழகிய கை.
விடிந்ததும் வராந்தாவில் நனைந்த வாளிக்குள்
விரலை விட்டேன்.
செப்டம்பருக்கு நேரே
பில் புத்தகப் பேனாவால் எழுதினேன்:
நாலு விரற்கடை.

அவளை மறுபடி ஆணியில் நேராக்கிவிட்டு
இறங்கி வந்தால்
கம்பளிக்குத் தனியாக அறுபது போட்டிருக்கிறான்.