சும்மா ஒரு புதன்கிழமை

கோழிக்கு ரெண்டு காலு.
எங்க வீட்டுல அஞ்சு பேரு.
மாமனாருக்கு ஒண்ணு, பையனுக்கு ஒண்ணுன்னு
சட்டி எறங்கறதுக்கு முன்னாலயே தீர்ப்பாயிரும்.
நெஞ்சுக்கறி இவருக்கு. ஈரல் பாப்பாவுக்கு.
பதினோரு வருசமா எனக்குக் கழுத்து.

அதுக்காகன்னு இல்லீங்க.
எதுக்காகன்னு கேட்டா எனக்கே சரியாத் தெரியாது.
ஈரோட்டு ஜவுளிக்கடையில பில்லுப் போட்டுட்டு
பள்ளிபாளையம் வர்ற பஸ்ஸுல நின்னுக்கிட்டிருந்தேன்.
கறிக்கடை மாதேசு போன் போட்டு
"எப்பவும் போல ஒண்ணரைக் கிலோங்களாக்கா?"ன்னான்.
"இன்னிக்கு வேண்டாந் தம்பி"ன்னு
வாய் தானாச் சொல்லிருச்சு.

அன்னிக்கு ராத்திரி கொள்ளுப்பருப்புக் கடைஞ்சேன்,
பூண்டைத் தட்டிப் போட்டு.
மாமனார் தட்டைப் பார்த்தாரு. காலண்டரைப் பார்த்தாரு.
கிருத்திகை இல்லை, அமாவாசை இல்லை,
புரட்டாசிக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு.
"யாராச்சும் தவறிட்டாங்களா அம்மிணி?"
"இல்லீங் மாமா. சும்மா ஒரு புதன்கிழமை."
"அர்த்தநாரி, உம்பொண்டாட்டிக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமான்னு கேளு."

சாமி பேரைச் சொல்லியிருந்தா
மூச்சுக் காட்டாமத் தின்னிருப்பாங்க.
அங்கதான் எனக்குப் பிடிவாதம் வந்துச்சு.
சும்மாவே ஒரு நாளு இருந்தா என்ன?

இவரு ரெண்டு கை தின்னுட்டு
தறிக்குடோன்ல கரண்டு வந்துருச்சான்னு
பார்த்துட்டு வர்றேன்னு போனாரு.
வந்தாரு. சட்டையெல்லாம் சில்லி வாசம்.
"தறிக்கு இப்ப மசாலாவும் தடவறாங்களா?"ன்னேன்.
பாவு நூலாட்டம் முறுக்கிக்கிட்டுப் படுத்தாரு.

அடுத்த புதன் பச்சப்பயிறு.
பையன் அஞ்சு அப்பளம் தின்னுட்டு
பயிறைச் சோத்துக்கடியில பொதைச்சு வெச்சான்.
தட்டுக் கழுவறப்பத்தான் தோண்டி எடுத்தேன்.

மூணாம் புதன்,
இருப்புச்சட்டியில கடலெண்ணெய் காய வெச்சு
வரமொளகாயை வெதை ஒதறிப் போட்டேன்.
ஒரு படி சின்ன வெங்காயம்.
கறிவேப்பிலை.
ஒரு மூடித் தேங்காயைப் பல்லுப் பல்லாக் கீறி.
எங்க ஊரு பேரைச் சொல்லி
எந்த ஊருல கோழி விக்கட்டும்,
உள்ள இருக்கறது இவ்வளவுதான்.
எல்லாம் போட்டேன்.
கோழியை மட்டும் போடலை.

வாசம் தெருமுக்கு வரைக்கும் போயிருக்கோணும்.
இவரு ஒரு செருப்போட உள்ளயே வந்துட்டாரு.
மாமனார் சட்டிக்குள்ள வெரலை விட்டுத் துழாவினாரு.
ஒரு பல்லு எடுத்து மென்னாரு. இன்னொண்ணு.
தேங்காய், மொளகாய், மறுபடியும் தேங்காய்.
"கறி எங்கம்மா?"ன்னான் பையன்.
"தேடு"ன்னேன்.
தேடித் தேடியே தின்னாங்க.
சட்டியை வழிச்சதுக்கப்பறமும்
யாரும் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலை.
"கறியிலயுமே எனக்கு இந்தத் தேங்காய்தான்..."
மாமனார் என்னமோ ஆரம்பிச்சாரு,
முடிக்காமக் கை கழுவப் போயிட்டாரு.
பாப்பா மட்டும் என் தட்டை எட்டிப் பார்த்து
"இன்னிக்கு உனக்குக் கழுத்து இல்லையாம்மா?"ன்னா.

பெரிசா செயிச்சுட்டேன்னெல்லாம் நெனச்சுக்காதீங்க.
நாலாம் புதன் ஒரே சண்டை.
முட்டை கறியா, கறியில்லையா.
இவரு நாமக்கல்லையே சாட்சிக்குக் கூப்பிட்டாரு.
வியாழக்கிழமையானா மாதேசு கடையில
ஒண்ணரை இப்ப ரெண்டு கிலோவாயிருச்சு.

அப்பறம் இன்னொண்ணு.
உங்ககிட்டச் சொன்னாத் தப்பில்லை.
நேத்துப் புதன், கடை விட்டு
பஸ் ஸ்டாண்டு பேக்கரியில
சுடச்சுட ரெண்டு முட்டை பப்ஸ் வாங்கி
ஜன்னல் பக்கமாத் திரும்பி உக்காந்து தின்னேன்.
மடியெல்லாம் பொறுக்கு.
பாலத்து மேல பஸ் ஏறினதும்
முந்தானையை வெளிய நீட்டி
காவேரிக்குள்ள ஒதறி விட்டுட்டு,
காலையில ஊறப்போட்ட தட்டப்பயிறு
எல்லாருக்கும் காணுமான்னு
யோசிச்சுக்கிட்டே வந்தேன்.