ஒன்றரை அங்குலம்

கேள்வி இதுதான்:
சென்ற பரிசோதனைக்குப் பிறகு
எந்த மருத்துவரையாவது பார்த்ததுண்டா?
நாள், பெயர், காரணம்.
காரணத்துக்கு ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறார்கள்.

காட்பாடியில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை.
கரண்ட் போய் நாற்பது நிமிடம்.
பேனா பிடித்த இடமெல்லாம் வியர்வை.

பிப்ரவரி. கடைவாய்ப் பல். எழுதினேன்.
ஏப்ரல். சிறுநீரகத்தில் கல்லோ என்று பயந்து
ஸ்கேன் எடுத்து, கல் இல்லை,
நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றார்கள்.
வேலூர்க்காரிக்கு இதைச் சொல்ல எண்ணூறு ரூபாய்.
அதையும் எழுதினேன்.

ஜூன்.

ஜூனில் பாகாயம் போனேன். மூன்று முறை.
டவுன் பஸ்ஸில், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு,
வெயிலுக்குத்தான் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு.
தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.
கண்ணை மூடினால் ஓடுபாதை விளக்குகள்
வரிசை வரிசையாக வரும்,
தரை மட்டும் வராது.

பதிவு கவுன்ட்டரில் அப்பா பெயரை விட்டுவிட்டேன்.
வெறும் ஹெப்சிபா.
தொழில் என்று கேட்ட பையன்
நான் விழுங்கிய எச்சிலுக்குள் அவசரப்பட்டு
இல்லத்தரசி என்று தானே தட்டிக்கொண்டான்.
திருத்தவில்லை.
முந்தைய இரவுதான் நூற்றெண்பது பேரை
குவாஹாட்டியிலிருந்து கொண்டுவந்து இறக்கியிருந்தேன்.
அட்டையை வாங்கிக்கொண்டு
இல்லத்தரசியாகப் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் மால்டாவிலிருந்து ஒருவர், மகனோடு.
மூன்று நாள் ரயில், லாட்ஜில் பன்னிரண்டு நாள்.
மடியில் ஜவுளிக்கடைப் பை.
அதில் பதினோரு வருடக் காகிதம்:
நான்கு ஊர் டாக்டர்கள், தேதி வாரியாக,
மகன் எதைப் பார்த்து அலறினான்,
எந்த மாத்திரைக்குப் பிறகு சிரித்தான்.
ஒவ்வொன்றாக எடுத்து
உடைந்த இந்தியில் எனக்கு, யாரென்றே தெரியாத எனக்கு,
வாசித்துக் காட்டினார்.
பிறகு கேட்டார், உங்கள் காகிதமெல்லாம் எங்கே?
பையில் என்றேன்.
பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது.

எழுதாதே என்கிறான் கூடப் பறக்கும் சுகுமாரன்.
எழுதினவனெல்லாம் தரையில் நிற்கிறான்,
ஆறு மாசமோ ஒரு வருஷமோ,
யாரோ ஒருத்தர் மேசையில் ஃபைல் தூங்கும்.
உனக்குத்தான் வராத தூக்கம், பார், என்று சிரித்தான்.
பயிற்சிக்கு வாங்கிய கடனின் தவணை
ஐந்தாம் தேதி, தவறாது.
மூன்றாவது முறை போனபோதே நன்றாகத் தூங்கினேனே,
சரியாகிப் போனதை எதற்குச் சொல்ல வேண்டும்?
இதை நானே கேட்டேன், சுகுமாரன் இல்லை.

எங்கள் ஊருக்கு ஒரு கேலி உண்டு:
தண்ணீர் இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை.
அப்துல்லாபுரத்து ஓடுபாதையைப் பார்த்து வளர்ந்தவள் நான்,
விமானம் இல்லாத விமான நிலையம் என்று
பள்ளியில் ஒன்று கூட்டிச் சொல்வோம்.
இன்றைக்கு இன்னொன்றும் கூட்டலாம்.
போகவே போகாத பாகாயம்.

பறக்கும் முன் விமானத்தைச் சுற்றி வருவேன், டார்ச்சோடு.
டயரில் நகக்கீறல் இருந்தாலும் புத்தகத்தில் ஏற்றுவேன்.
யாரும் அதற்காக விமானத்தை வெட்கப்படச் சொன்னதில்லை.
ஆனால் கீறலை எழுதியதற்காக
அது இரண்டு நாள் கொட்டகையில் நின்றதுண்டு.
நிற்கும்போது அதற்குத் தவணை கிடையாது.

ஜூன் 4. ஜூன் 11. ஜூன் 25.
மருத்துவர் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் வந்தது.
காரணம் என்ற இடத்தில்
தூக்கமின்மை என்று எழுதி,
போதாமல் ஓரத்தில் ஏறி,
பயம் என்றும் எழுதி,
அடித்து,
அடித்ததன் பக்கத்தில் மறுபடி எழுதினேன்.
அங்குலம் தீர்ந்தது.
மேலே, தொழில் என்ற கட்டத்தில்,
காலையிலேயே நிரப்பியிருந்தேன்: விமானி.

கரண்ட் வந்தது.
மின்விசிறி சுற்றியதும்
படிவம் மேசையில் நகர்ந்து நகர்ந்து
விளிம்புக்கு ஓடியது.
ஊறுகாய் ஜாடியை அதன் மேல் வைத்தேன்.