முதல் வரிசை

பைசாண்டூவில் என் ஷிஃப்ட் இரவு பதினொன்றுக்கு.
ஆம்புலன்ஸ் அழைப்பு அறை, இரண்டு நாற்காலி.
ஒன்றில் வில்மார், ஒன்றில் நான்.
நடுவே தெர்மாஸ், ஒரே மாத்தேக் குடுவை.
உறிஞ்சி முடித்தவர் வெந்நீர் ஊற்றி
அடுத்தவருக்கு நீட்ட வேண்டும். பேச வேண்டியதில்லை.

போன் அடிக்காத நேரத்தில்
டைனமிக் புரோகிராமிங் படிக்கிறேன்.
நாற்பத்து நான்கு வயதில் எதற்கு என்பவர்களுக்காக
இரண்டு பதில் வைத்திருக்கிறேன்.
இரண்டும் பொய்.

இன்றோடு ஆறு இரவு, ஒரே கணக்கு:
இந்தச் சொல்லும் இந்த வடிவமும் பொருந்துமா?
கேள்விக்குறி சாது. ஏதோ ஓர் எழுத்து கிடைத்தால் போதும்,
அடங்கிவிடும்.
நட்சத்திரம்தான் வில்லங்கம்.
எத்தனை எழுத்து வந்தாலும் விழுங்கும்.

மணல் என்ற சொல்லைக் கொடுத்தேன்.
மணலுக்குப் பின்னால் நட்சத்திரம் வைத்தால், மெய் என்றது.
முன்னால் வைத்தால், பொய்.
வங்கி வரிசையில்கூட இப்படி ஒரு நியாயம் கிடையாது.

ஒன்றைக் கூட்டினேன். ஒன்றைக் கழித்தேன்.
சுழலுக்குள் இருந்ததை வெளியே எடுத்துப் பார்த்து
மறுபடி உள்ளே வைத்தேன்.
சரியாக இருந்த ஒரு வரியைக் கெடுத்து, அதைக் கண்டுபிடிக்க
ஒரு வியாழக்கிழமை போயிற்று.

கடைசியில் டியூட்டி அட்டவணையின் பின்பக்கத்தில்
கட்டம் போட்டேன். நான்கு வரிசை, ஐந்து பத்தி.
ஒவ்வொரு கட்டமும்
தனக்கு மேலே, பக்கத்தில், மூலையில் இருப்பதைக் கேட்டுத்தான்
தன் பதிலைச் சொல்லும்.
மூலையில் ஒரு மெய், புத்தகம் போடச் சொன்னதால்:
வெறுமைக்கு வெறுமை பொருந்தும்.
மீதிப் பத்தொன்பதும் பொய், பொய், பொய்.
பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்டுச் சொன்ன பொய்கள்.

மூன்று பத்துக்கு அழைப்பு.
அவசர உதவி, நெலிதா பேசுகிறேன், சொல்லுங்கள்.
சொல்லவில்லை.
அழுகையோ இருமலோ டிவி சத்தமோ இல்லை.
இணைப்பு மட்டும் இருந்தது.
இருங்கள், வைத்துவிடாதீர்கள் என்றேன், அந்த இல்லாததிடம்.
வில்மார் முகவரியைத் தேடிப் பிடித்தார்.
ஆற்றங்கரைப் பக்கம், தோல் தொழிற்சாலைக்குப் பின் தெரு.
தார்தோவின் வண்டி கிளம்பியது.

படிவத்தில் ஒரு கட்டம்: அழைத்தவர் சொன்னது.
அதை நிரப்பாமல் விட முடியாது, திரை நகராது.
பேசாதவர்களுக்கென்று ஒரு குறியீடு உண்டு.
பதினேழு வருடமாக அடிக்கிறேன், விரலுக்குப் பாடம்.
அடித்தேன்.
அடித்த விரல் அப்படியே நின்றது.

முதல் வரிசை. சொல்லே இல்லாத வரிசை.
எழுத்து ஒன்றும் வராத இடத்தில் எதைப் பொருத்துவது என்று
முழுக்கப் பொய் போட்டு வைத்திருந்தேன்.
நட்சத்திரம் எதையும் விழுங்கும் என்று படித்தவள்,
எதையும் விழுங்காமலும் இருக்கும் என்ற பாதியை
வாசித்துக்கொண்டே தாண்டியிருக்கிறேன்.

அட்டவணையில் பேனாவால் ஒரே ஒரு பொய்யை அடித்தேன்.
நட்சத்திரத்தின் பத்தி மேலிருந்து கீழே முழுக்க மெய்யாயிற்று.
அதன் தலையிலிருந்து சாய்வாக, ம, ண, ல்,
படி இறங்குவது போல் மூன்று மெய், கடைசி மூலை வரை.
இரண்டு வரி தட்டினேன்.
ஓட்டினேன்.
வந்தது.

நாலு மணி வாக்கில் தார்தோ ரேடியோவில்:
ஒரு பெண்மணி, சமையலறைத் தரையில், மூச்சு இருக்கிறது.
வலது பக்கம் அசையவில்லை, வாய் எழவில்லை.
கையில் போன், இன்னும் காதோடு.
மருத்துவமனைக்குச் சொல்லி வைத்தேன்.

பாலத்தில் சரக்கு லாரிகள்
அர்ஜென்டினாப் பக்கம் போகத் தொடங்கிவிட்டன.
வில்மார் குடுவையை நீட்டினார்.
கொட்டாவியோடு என் காகிதத்தை எட்டிப் பார்த்து,
ஆறு நாளாக என்னதான் விடுபட்டிருந்தது? என்றார்.

ஒன்றுமில்லை, என்றேன்.

சொல்ல விருப்பமில்லை போல என்று
தெர்மாஸை மூடப் போனார்.
மாத்தே ஆறியிருந்தது. குடித்தேன்.